18,000 ரூபாய் எங்கே போனது?

வாசகி ஒருவரின் கடிதம்:

காரைக்குடியில் எங்களுக்குச் சேலைக் கடை இருக்கிறது. அப்பா தொடங்கி நாற்பது வருடங்கள் ஆகின்றன. அவர் காலமான பிறகு இரண்டு வருடங்களாக நான் நடத்துகிறேன். விற்பது பெரும்பாலும் கண்டாங்கி. விலை 1,000 முதல் 1,800 ரூபாய் வரை. ஒரு சேலைக்குக் கையில் நிற்பது சராசரியாக 350 ரூபாய். கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டதால், இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கி, மூன்று மாதங்களில் 18,000 ரூபாய் கட்டி, பதிவுகளைப் பலருக்குக் காட்டும்படி பூஸ்ட் செய்தேன். 4,200 பேர் பின்தொடர்கிறார்கள். வந்த ஆர்டர்களோ 23தான். எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும்கூட அனுப்பினேன். 7 பார்சல்கள் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தன. ஜிஎஸ்டியில், சிறு வியாபாரிகளுக்கான எளிய வரிமுறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம். இப்போது ஒரு நிறுவனம் மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் வெப்சைட் போட்டு, கூகுளில் முதலிடத்தில் காட்டுவதாகச் சொல்கிறது. இன்னொருவர் ஒரு லட்சம் பேருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் மென்பொருளை 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். தம்பி, மீஷோவிலும் அமேசானிலும் போடச் சொல்கிறான். எதைச் செய்வது?

பின்குறிப்பு: அப்பா கையால் எழுதிய நோட்டு ஒன்றில் சுமார் 600 பேருடைய பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு மொத்தமாக எடுப்பவர்கள். அவர்களில் பலர் இப்போது ஊரில் இல்லை. அந்த நோட்டினால் ஏதாவது பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பின்குறிப்பைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். கடை வைத்திருக்கிறவர்கள் எனக்கு எழுதும்போது முக்கியமான விஷயத்தை எப்போதும் கடைசியில், 'இதையும் சொல்லிவைக்கிறேன்' என்ற தொனியில்தான் எழுதுகிறார்கள். அந்த நோட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் போன பணத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

23 ஆர்டரில் 7 திரும்பிவிட்டதால் விற்றது 16. சேலைக்கு 350 வீதம் உங்களுக்கு நின்றது 5,600 ரூபாய். திரும்பிய பார்சல்களுக்குப் போக வர 150 ரூபாய் என்று வைத்தாலும் 1,050. விளம்பரச் செலவையும் சேர்த்தால், மூன்று மாதங்களில் கையை விட்டுப் போனது 13,450 ரூபாய். ஒரு சேலை விற்க 1,125 ரூபாய் விளம்பரத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் கடையிலேயே ஒரு சேலை வாங்கியிருக்கலாம்.

இதில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. பூஸ்ட் பொத்தானை அழுத்தும்போது 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று அது கேட்டிருக்கும். கணக்கைப் பார்க்க ஆட்கள் வர வேண்டும் என்ற முதல் தேர்வையே பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள்; நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள் என்று 4,200 என்ற எண் சொல்கிறது. அந்த இயந்திரம் சொன்ன சொல் தவறாது. கணக்கைப் பார்க்கிறவர்கள் வேண்டும் என்றால், கணக்கு கணக்காகப் போய்ப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் ரசிப்பார்கள், இதயம் போடுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். பொருட்காட்சிக்குக் கூட்டம் கூட்டினால் வருகிறவர்கள் அப்பளம் தின்றுவிட்டுப் போவதைப் போலத்தான்.

அந்த 16 பேரில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள்? அவர்களுடைய பெயரும் எண்ணும் எங்கேயாவது எழுதிவைக்கப்பட்டிருக்கின்றனவா? கடிதத்தில் அது இல்லை. 1,125 ரூபாய் செலவில் பிடித்த ஒருவர் வருடத்துக்கு நான்கு சேலை எடுத்தால் அந்தச் செலவு நஷ்டமே இல்லை. ஒரு சேலையோடு மறந்துபோனால்தான் நஷ்டம். உங்கள் அப்பா இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தார்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது. அதில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்த கடைக்காரர்கள் மறுநாள் காலையில் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு வாடிக்கையாளரின் எண்கூட அவர்களிடம் இல்லை. இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடரும் 4,200 பேரும் உங்களுடையவர்கள் அல்லர். அந்த நிறுவனத்தின் வீட்டில் குடியிருப்பவர்கள். நோட்டில் உள்ள 600 பேர் உங்களுடையவர்கள். நீங்கள் முகம் தெரியாதவர்களிடம் முதலில் போய்விட்டீர்கள். வரிசையைத் திருப்பிப் போடுவோம்: கடையைத் தேடி வருகிறவர்களுக்கு வழி காட்டுவது முதல் வேலை, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் பேசுவது இரண்டாவது. புதியவர்களை அழைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. முதல் இரண்டுக்கும் ஏறக்குறைய காசே வேண்டாம்.

கூகுளில் 'பிசினஸ் புரொஃபைல்' என்ற இலவச வசதி இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ கும்பிட வந்தவர்களும், கானாடுகாத்தானில் வீடுகளைச் சுற்றிப் பார்த்தவர்களும் காரில் உட்கார்ந்தபடி 'பக்கத்தில் செட்டிநாடு சேலைக் கடை' என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் வரைபடத்தில் உங்கள் கடை தெரிய வேண்டும். கடைப் பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே போடுங்கள். 'நம்பர் 1 கண்டாங்கிச் சேலைக் கடை காரைக்குடி' என்று வாலைச் சேர்க்காதீர்கள். அது விதிமீறல், பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். கடை உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவையும் பெயர்ப்பலகையையும் காட்டி, நீங்களே பூட்டைத் திறந்து உள்ளே நுழைவதை வெட்டாமல் எடுத்தால் போதும். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று கடை முகப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். வெளியூர்க்காரர் தெருவில் தேடுவது சேலையை அல்ல, வாசலை. தீபாவளி, பொங்கல் நாட்களில் திறந்திருக்கும் நேரத்தை மாற்றி எழுத மறக்காதீர்கள். திறந்திருக்கிறது என்று கூகுள் சொல்லி, வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் இன்னொரு முறை வரமாட்டார்.

நீங்கள் கண்டாங்கி என்கிறீர்கள். சென்னையில் இருப்பவர் செட்டிநாடு காட்டன் என்பார். ஆங்கிலத்தில் தட்டுகிறவர் கண்டாங்கியை நான்கு விதமாக எழுதுவார். பொருள் விவரம் எழுதும் இடத்தில் இந்த எல்லாப் பெயர்களும் இயல்பாக வரட்டும்.

இனி அந்த 'முதலிடம்' நிறுவனம். பணம் கொடுத்து உள்ளூர்த் தேடலில் மேலே ஏற வழியே கிடையாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடைக்கு உள்ள பெயர் ஆகிய மூன்றைத்தான் அது பார்க்கிறது. தூரத்தை எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. பெயரை, வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள்தான் வளர்க்கும். அதைக் கேட்க நல்ல நேரம், பையைக் கையில் கொடுக்கும் நேரம். 'இரண்டு வரி எழுதுங்கள் அம்மா' என்று நேராகக் கேளுங்கள், எழுதுவார்கள். எழுதினால் 50 ரூபாய் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள். கூகுள் அதை அனுமதிப்பதில்லை. யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிப்பது குறை சொன்னவர் மட்டும் அல்ல, அடுத்த நூறு பேர்.

கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பக்கம் முடங்கப்போகிறது, பணம் கட்டுங்கள் என்று போன் வரும். வைத்துவிடுங்கள்.

வெப்சைட் இப்போது வேண்டாம். பின்னால் போடும்போது, வெப்சைட்டின் முகவரியான டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த நகைக் கடைக்காரர் ஒருவர் டொமைன், கூகுள் பக்கம், பேஸ்புக் பக்கம் மூன்றையும் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலேயே தொடங்கவிட்டார். நான்கு வருடம் கழித்துக் கட்டணத்தில் தகராறு வந்தது. அவர்கள் சாவியைத் தரவில்லை. கடை அவருடையது, கடையின் பெயர் அவர்களுடையது என்று ஆகிப்போனது. அவருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். இதை முதல் நாளே கேட்காமல் விட்டது என் தவறும்கூட. அதிலிருந்து, உரிமையாளர் யார் என்று பார்க்காமல் வேறு எதையும் நான் பார்ப்பதில்லை. யாரை வேலைக்கு வைத்தாலும் அவர்களை 'மேலாளர்' என்ற அளவில் சேருங்கள். உரிமையாளராக நீங்கள் இருங்கள்.

இப்போது நோட்டு. முதலில் ஒரு எச்சரிக்கை: 600 எண்களில் பாதி உயிரோடு இருக்காது. லேண்ட்லைன், மாறிப்போன எண், காலமானவர்கள் எல்லாம் இருக்கும். மீதி முந்நூறு என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு குடும்பங்கள்! கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்தவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய பெண்களும் பேரன்களும் இப்போது சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் சேலை எடுக்கத்தான் போகிறார்கள்.

கடைக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். அது இலவசம். கடையின் பழைய லேண்ட்லைன் எண்ணையே அதில் பதிவுசெய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. உறுதிக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பாகக் கேட்டால் போதும். நாற்பது வருடமாகப் பலருக்கு மனப்பாடமான எண் அப்படியே தொடரும். சேலைகளைக் கேட்டலாக்கில் படத்தோடும் விலையோடும் அடுக்கிவையுங்கள். 500 வரை போடலாம். வாடிக்கையாளர்களுக்கு 'கல்யாணம்', 'சென்னை', 'மலேசியா', 'அடர்நிறம் பிடிக்கும்' என்று லேபிள் ஒட்டலாம். உங்கள் அப்பா நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறித்திருந்தால், அதையும் விடாமல் ஏற்றுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களிடம் சொல்லவும் சொல்லாது. 'ஐந்நூறு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை' என்று என்னிடம் அலுத்துக்கொண்டவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஆகவே முதல் செய்தியை மொத்தமாக அனுப்பாதீர்கள். ஒருநாளைக்குப் பத்துப் பேர் வீதம், பெயர் சொல்லி, தனித்தனியாக அனுப்புங்கள். முந்நூறு பேருக்கு ஒரு மாதம் ஆகும், ஆகட்டும். இப்படி எழுதலாம்:

'வணக்கம் ஆச்சி. காரைக்குடிச் சேலைக் கடையிலிருந்து எழுதுகிறேன். அப்பா இருந்தபோது உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களிடம் கண்டாங்கி எடுத்தீர்கள். அவருடைய நோட்டில் உங்கள் பெயரைப் பார்த்தேன். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன்பு தவறிவிட்டார். கடையை இப்போது நான் பார்க்கிறேன். புதுச் சரக்கு வரும்போது படம் அனுப்பலாமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.'

இதில் விலை இல்லை, தள்ளுபடி இல்லை, படமும் இல்லை. அனுமதி கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. தொல்லை என்று நினைத்துப் பத்துப் பேர் உங்கள் எண்ணைத் தடைசெய்து புகாரும் கொடுத்தால் வாட்ஸ்அப் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கும். சம்மதித்தவர்களுக்கும் மாதம் இரண்டு முறைக்கு மேல் அனுப்ப வேண்டாம். அன்றாடம் வரும் சரக்கை ஸ்டேட்டஸில் வையுங்கள். பார்க்க நினைப்பவர்கள் பார்ப்பார்கள்.

அந்த 2,000 ரூபாய் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு வெளியே ஓடும் சரக்கு அது. எண் நிரந்தரமாக முடங்கலாம். முடங்கினால் போவது 2,000 ரூபாய் அல்ல, அப்பாவின் எண். அதோடு, அந்த ஒரு லட்சம் பேர் யார்? சேலை கேட்டவர்களா? யாரோ எங்கிருந்தோ திரட்டிய எண்கள் அவை. பெரிய அளவில் அனுப்ப முறையான வழி ஒன்று வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம். உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது. மொத்த எஸ்எம்எஸ் என்று யாராவது வந்தால், அதற்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். அந்த அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம்.

திரும்பிய 7 பார்சல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியில், இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் ஆர்டர் போட்டவர், மூன்றாம் நாள் காலை தபால்காரர் கதவைத் தட்டும்போது வேறு ஆளாக மாறியிருப்பார். அவர் கையிலிருந்து இன்னும் ஒரு பைசா போகவில்லை, ஆகவே மனம் மாறுவதற்கு அவருக்கு எந்தச் செலவும் இல்லை. செலவு முழுவதும் உங்களுடையது. உங்களைப் போன்ற சிறு கடைக்கு முன்பணம்தான் முறை. முழுத் தொகை தர அஞ்சுகிறவரிடம், தபால் செலவுக்கு என்று 150 ரூபாயாவது யுபிஐயில் முதலில் வாங்குங்கள். அதைக் கட்டத் தயங்குகிறவர் பார்சலையும் வாங்கியிருக்க மாட்டார். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது பெரிய வித்தை அல்ல. உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

முன்பணம் கேட்க வேண்டுமானால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வர வேண்டும். அது படத்திலிருந்து தொடங்குகிறது. நிறம் படத்தில் ஒன்று, கையில் ஒன்று என்பதுதான் ஆன்லைன் சேலை வியாபாரத்தின் தீராத வியாதி. கண்டாங்கியின் அரக்கும் கடுகு மஞ்சளும் டியூப்லைட்டின் கீழ் செத்துப்போகும். காலை பத்து மணி அளவில், வெயில் நேராக விழாத முற்றத்திலோ திண்ணையிலோ எடுங்கள். ஃபில்டர் கூடாது. முழுச் சேலை ஒரு படம், முந்தானை ஒன்று, கரையின் அகலம் தெரிய விரலை வைத்து ஒன்று, யாராவது உடுத்தி நிற்பது ஒன்று. கண்டாங்கி கனமான பருத்தி என்பது உங்களுக்குத் தெரியும். மெல்லிய காட்டனை நினைத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே எடையை எழுதுங்கள். நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, முதல் அலசலில் சாயம் இறங்குமா, இவற்றை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கைத்தறியில் அங்கங்கே நூல் தடித்திருப்பதைச் சிலர் குறை என்று திருப்பி அனுப்புவார்கள். அதையும் நெருக்கத்தில் படம் எடுத்து, இது தறியின் அடையாளம் என்று எழுதிவையுங்கள்.

'காரைக்குடி கண்டாங்கி'க்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் ஊர்ப் பெயர் சேலையின் பெயரிலேயே இருப்பது பெரிய சொத்து. ஆனால் விசைத்தறிச் சரக்கும் கடையில் இருந்தால் அதைத் தனியாக, விசைத்தறி என்றே எழுதி விற்க வேண்டும். இதில் ஒரு முறை வழுக்கினால் முந்நூறு குடும்பங்களும் போய்விடும். குறியீட்டை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதற்குப் பதிவு தேவை. உங்களுக்கு நெய்து தரும் நெசவாளர்களோ அவர்களுடைய கூட்டுறவுச் சங்கமோ பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமை மூடிவிடச் சொல்லவில்லை. அதை உங்கள் கடையின் கண்ணாடி அலமாரியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப் எண்ணைப் பெற்றவர் 'இந்தக் கடை நிஜம்தானா' என்று பார்க்க அங்கேதான் போவார். ஒவ்வொரு சேலைக்கும் விலையை எழுதுங்கள். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்ற பழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ தெரியவில்லை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக நம் ஊரில் பலருக்குக் கூச்சம், ஆகவே கேட்காமலே போய்விடுகிறார்கள். 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் மாற்றித் தரமாட்டோம்' என்ற வாசகமும் எனக்குப் பிடிக்காது. வாங்குகிறவரை வாசலிலேயே திருடனாக்கும் வாசகம் அது. அதோடு, 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது.

ரீல்ஸில் சினிமாப் பாட்டு வேண்டாம். வணிகக் கணக்குகளுக்கு அந்தப் பாடல்களைப் பயன்படுத்த உரிமை கிடையாது. வீடியோவின் ஒலியை அணைத்துவிடுவார்கள், உரிமைதாரர் நோட்டீஸும் அனுப்பலாம். நெசவாளர் வீட்டுக்குப் போய்த் தறிச் சத்தத்தை அப்படியே பதிவு செய்யுங்கள். எந்த இசையமைப்பாளரும் அதற்குப் பணம் கேட்க மாட்டார். பிரபலங்களுக்கு இலவசமாகச் சேலை கொடுத்து வீடியோ போடச் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்கிறேன், இலவசமாகப் பெற்றதை அவர் வீடியோவில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவருக்குச் சேலை கொடுக்காதீர்கள்.

மறுபடி விளம்பரத்துக்குச் செலவு செய்ய விரும்பினால், மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். பூஸ்ட் பொத்தான் வழியாக வேண்டாம். இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர் வழியாக, விளம்பரத்தைத் தொட்டால் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அந்த இயந்திரம் பேசக்கூடியவர்களைத் தேடும். இந்தியா முழுவதும் காட்டாமல் சென்னை, கோவை, மதுரை என்று மூன்று ஊர்களுக்கு மட்டும் காட்டலாம். ஒரே சேலைக்கு இரண்டு விதப் படம், படம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், ஐந்து நாள், மொத்தம் 2,000. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. எந்தப் படத்துக்கு அதிக விசாரிப்பு வந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு நான்கைந்து வாரம் முன்னால். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால். தீபாவளிக்கு முந்தின வாரம் பெரிய ஜவுளிக்கடைகள் எல்லாம் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டும். அந்த ஏலத்தில் நீங்கள் கையைத் தூக்காதீர்கள்.

தம்பியிடம் மீஷோ, அமேசானுக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லுங்கள். மீஷோவில் கமிஷன் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே உங்கள் 1,200 ரூபாய்க் கைத்தறிக்குப் பக்கத்திலேயே 'செட்டிநாடு டிசைன்' என்ற பெயரில் 400 ரூபாய் பிரிண்ட் சேலை நிற்கும். கட்டைவிரலால் உருட்டிக்கொண்டு போகிறவருக்கு இரண்டும் கட்டம் போட்ட சேலைதான். விலையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாத இடத்தில் உங்கள் சரக்கு தோற்கும். அதைவிட, வாங்கியவருடைய எண் உங்களுக்குக் கிடைக்காது. நோட்டில் ஒரு வரிகூட ஏறாத வியாபாரம் அது. மத்திய அரசின் முயற்சியில் வந்த திறந்த இணைய வணிக வலையமைப்பான ஓஎன்டிசி 2022இல் சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. அதைப் பின்னால் பார்க்கலாம்.

புதிதாக ஒரு நோட்டுப் போடுங்கள். யார் வாங்கினாலும், 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வி. கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், தெரிந்தவர் சொன்னது, வழியில் பார்த்தது என ஐந்து கட்டம். கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மாதக் கடைசியில் எண்ணினால் அடுத்த மாதம் பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்று தெரிந்துவிடும். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அனுப்பியது அந்த விதிக்கு முரணானது. தெரியாமல் நடந்திருக்கும், ஆனால் தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் இதே தடை உண்டு, ஆகவே மலேசியா ஆச்சிகளுக்கு அனுப்பவும் முடியாது. வழக்கமான ஜிஎஸ்டி பதிவுக்கு மாறினால் கணக்கு வேலை கூடும், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் கிடைக்கும். உங்கள் விற்றுமுதலுக்கு எது லாபம் என்று ஆடிட்டர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அதுவரை வெளிமாநில ஆர்டர் எதையும் எடுக்க வேண்டாம். அவரைப் பார்க்கப் போகும்போது அந்த 23 ஆர்டர்களின் பில்களையும், திரும்பி வந்த 7 பார்சல்களின் தபால் சீட்டுகளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.